கறுப்பே அழகு, காந்தலே ருசி!

சாமி படத்தில் கிடைத்த நியாயம், வீட்டுப் படத்துக்கும் வருமா?

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லி மலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைந்து வளைந்து மேலே போனால், கண்ணுக்கு எட்டிய வரையில் ஒரே பச்சை!

விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். ஆகாய கங்கை அருவியில் குளிக்கிறார்கள். அறப்பளீசுவரரைக் கும்பிடுகிறார்கள். மலை விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

படம் எடுப்பதில் இப்போது ஒரு விளையாட்டு சேர்ந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொள்வது. அப்பாவுக்கு மஞ்சள் சட்டை. அம்மாவுக்கு மஞ்சள் சேலை. பிள்ளைக்கு மஞ்சள் கவுன். பின்னால் பச்சை மலை. படம் பளிச்சென்று விழும்!

கல்யாணம் நிச்சயமான ஜோடிகளும் இப்படி எடுக்கிறார்கள். வளைகாப்புக்கும் எடுக்கிறார்கள். நவராத்திரியில் நாளுக்கு ஒரு நிறம் என்று ஒன்பது நாளும் உடுத்தும் வழக்கம் மும்பைப் பக்கம் பரவியது. அது தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கும் வந்துவிட்டது.

வேடிக்கைதான். நல்ல வேடிக்கைதான். ஆனால் எடுத்த படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள்.

மலை பச்சையாகவே இருக்கிறது. சேலை மஞ்சளாகவே இருக்கிறது. முகம் மட்டும் மாறியிருக்கிறது! வெயிலில் உழைத்துக் கறுத்த அப்பாவின் முகம், படத்தில் கோதுமை மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. பல செல்போன்களில் "அழகாக்கும்" வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், அது முகத்தை மழுமழுப்பாக்கி வெளுக்க வைத்துவிடுகிறது. கேமரா விட்டதை, ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் சரிக்கட்டிவிடுகிறார்.

எல்லா நிறத்துக்கும் படத்தில் இடம் உண்டு. நம் சொந்த நிறத்துக்கு மட்டும் இடம் இல்லையா?

இந்தக் கேள்வியைச் சென்னையில் சிலர் கேட்டார்கள். வாயால் கேட்கவில்லை. படத்தால் கேட்டார்கள்!

கறுப்பு லட்சுமி

2017-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். சென்னையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் நரேஷ் நீல், விளம்பரத் துறையைச் சேர்ந்த பரத்வாஜ் சுந்தர் ஆகியோர் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கினார்கள். அதற்கு "டார்க் இஸ் டிவைன்" என்று பெயர் வைத்தார்கள். கறுப்பே தெய்வீகம் என்று பொருள்.

அவர்கள் செய்தது என்ன? நல்ல கறுப்பு நிறமுள்ள ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் தேடிப் பிடித்தார்கள். அவர்களுக்குச் சாமி வேடம் போட்டார்கள். நகை பூட்டினார்கள். விளக்கு வைத்துப் படம் எடுத்தார்கள்.

லட்சுமி கறுப்பு. சரசுவதி கறுப்பு. துர்க்கை கறுப்பு. லவ குசர்களோடு நிற்கும் சீதை கறுப்பு. சிவன் கறுப்பு. கண்ணன் கறுப்பு. முருகன் கறுப்பு. மொத்தம் ஏழு படங்கள்.

ஏழே படங்கள்தான். ஆனால் உலகம் பேசியது! 2018 ஜனவரியில் பி.பி.சி. இதைச் செய்தியாக வெளியிட்டது. கைக்குக் கை படங்கள் பரவின. பார்த்தவர்களில் பலர் திகைத்தார்கள். கறுப்பு லட்சுமியை அதுவரை அவர்கள் பார்த்ததே இல்லை!

எதிர்ப்புச் சொன்னவர்களும் உண்டு. "காளி எப்போதும் கறுப்புதானே? சாமியில் கறுப்பே இல்லை என்று யார் சொன்னது?" என்று கேட்டார்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். சிவனைச் செம்மேனியன் என்று தமிழ் பாடியிருக்கிறது. முருகனுக்குச் சேயோன், செவ்வேள் என்று பெயர். சிவந்த சாமியை ஏன் கறுப்பாக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் படங்கள் புராணப் பாடம் நடத்தவில்லை. சாமியின் உண்மையான நிறம் இதுதான் என்று அடித்துச் சொல்லவும் இல்லை. "கறுத்த முகத்தைப் பார்த்து உங்களால் கை கூப்ப முடிகிறதா?" என்றுதான் கேட்கின்றன. பதில் சொல்ல வேண்டியவர் பார்க்கிறவர்!

சாமி எப்போது வெளுத்தார்?

கிருஷ்ணன் என்ற பெயருக்கே கறுப்பு என்று பொருள். பழந்தமிழில் திருமாலுக்கு மாயோன் என்று பெயர். அதற்கும் கறுத்தவன் என்றுதான் பொருள். கோவிலுக்குப் போனால் கருவறையில் நிற்பது பெரும்பாலும் கருங்கல் மேனி. எண்ணெய் ஏறி ஏறி மினுமினுக்கும் கறுப்பு! அதைப் பார்த்துத்தான் கோடிப் பேர் மனம் உருகுகிறார்கள்.

அப்படியானால் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில் மட்டும் சாமி எப்படி வெளுத்தார்?

இதில் அச்சு இயந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ராஜா ரவிவர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். அவர் வரைந்த லட்சுமியும் சரசுவதியும் ஆயிரக்கணக்கில் அச்சாகி வீடு வீடாகப் போனார்கள். ஐரோப்பிய முறையில் தீட்டிய அழகான ஓவியங்கள். பெரும்பாலும் வெளுத்த மேனி. பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் சாமி படங்கள் வரைந்து குவித்தார்கள். சிவகாசி அச்சகங்கள் அவற்றைக் காலண்டராக்கின.

இதனால் ஒரு நன்மையும் நடந்தது. கோவிலுக்குள் போக விடாமல் தடுக்கப்பட்டவர் வீட்டுக்கும் சாமி வந்தார்! அதை மறக்கக் கூடாது.

ஆனால் கூடவே ஒரு பழக்கமும் வந்தது. லட்சுமி என்றால் வெளுப்பு, அசுரன் என்றால் கறுப்பு என்று குழந்தையின் கண் கற்றுக்கொண்டது. கண்ணனுக்கு நீலம் பூசினார்கள். பிள்ளையார் கதை இன்னும் வேடிக்கை. காட்டில் திரிகிற யானை கறுப்பு. காலண்டரில் யானைமுகன் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு!

கொல்லிப் பாவை கதை

இந்த இடத்தில் மறுபடியும் கொல்லி மலைக்கு வரலாம். அங்கே ஒரு பாவை இருக்கிறாள்.

கொல்லிப் பாவை என்று அவளுக்குப் பெயர். எட்டுக்கை அம்மன் என்றும் கும்பிடுகிறார்கள். முனிவர்களை அசுரர்கள் துன்புறுத்தினார்களாம். அவர்களை அடக்க ஓர் அழகிய பெண் உருவத்தைச் செய்து வைத்தார்களாம். அது சிரிக்குமாம். சிரிப்பில் மயங்கி வந்தவனைக் கொன்றுவிடுமாம். மலைவாசிகள் சொல்லும் கதை இது.

கதை ஒரு பக்கம் இருக்கட்டும். கொல்லிப் பாவை சங்கப் பாட்டிலேயே வருகிறாள். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அவள் பேர் அடிபடுகிறது. காதலியின் அழகுக்கு அவளையே உவமையாகச் சொன்னார்கள். அழகுக்கு அளவுகோலாக இருந்தவள் அவள்!

அந்தப் பாட்டுக்காரர்கள் அழகு என்று எந்த நிறத்தைச் சொன்னார்கள்? பெண்ணை "மாயோள்" என்று ஆசையோடு அழைத்தார்கள். கறுத்தவள் என்று பொருள். அவள் மேனி நிறத்துக்கு "மாமை" என்று பெயர். மாந்தளிர் நிறம் என்று உரைகாரர்கள் விளக்கினார்கள்.

இன்னும் கேளுங்கள். தலைவன் பிரிந்துபோனால் தலைவி என்ன ஆவாள்? அவள் மேனி வெளிறிப்போகும். அதற்குப் "பசலை" என்று பெயர். மாமை போய்ப் பசலை வந்துவிட்டதே என்று அவள் அழுவாள்.

அதாவது, அன்றைய தமிழனுக்கு வெளிறிப்போவது அழகு அல்ல. அது துயரத்தின் அடையாளம்! தன் கறுப்பு போய்விட்டதே என்று பெண் அழுதாள். இன்றைக்குக் கறுப்பு போகவில்லையே என்று அழ வைக்கிறார்கள்.

காமிராவுக்கும் கண் கோணல் உண்டு

காமிரா பொய் சொல்லாது என்பார்கள். அது முழு உண்மை அல்ல.

காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவி இருக்கிறது. அது தான் பார்ப்பது எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு அளக்கிறது. கறுப்புத் துணியை மட்டும் படம் பிடித்துப் பாருங்கள். அது சாம்பலாக விழும். வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். அதுவும் மங்கிச் சாம்பலாக விழும்!

கறுத்த முகத்தை வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தினால் காமிரா சுவரைப் பார்த்து அளந்துவிடுகிறது. முகம் இருண்டுபோகிறது. கண் எங்கே, மூக்கு எங்கே என்று தெரிவதில்லை. பழி யார் மேல்? "பிள்ளை கறுப்பு, அதனால்தான் படம் சரியாக விழவில்லை" என்கிறார்கள். அளந்தது தவறு. பழி பிள்ளை மேல்!

கலர் பிலிம் வந்த காலத்தில் இந்தக் கோணல் பெரிதாகவே இருந்தது. அமெரிக்காவின் கோடாக் கம்பெனி, நிறம் சரிபார்க்க ஒரு மாதிரிப் படத்தைப் பிலிம் கழுவி அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பியது. அதில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். "ஷெர்லி அட்டை" என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. கறுத்த முகத்தைப் பற்றிக் கவலைப்பட ஆள் இல்லை.

பிறகு இது எப்படி மாறியது? சாக்லேட் செய்பவர்களும் மரச்சாமான் செய்பவர்களும் குறை சொன்னார்கள். எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் பழுப்பையும் கறுப்பையும் பிடிக்கும்படி பிலிமைத் திருத்தினார்கள். மனிதர்களுக்காகச் செய்யாததை மேஜை நாற்காலிக்காகச் செய்தார்கள்!

இன்று நிலைமை கொஞ்சம் நல்லபடியாக மாறிவருகிறது. கூகுள் கம்பெனி 2021-இல் கறுத்த முகங்களைச் சரியாகக் காட்டும் ஏற்பாட்டைத் தன் செல்போனில் சேர்த்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக சமூகவியல் அறிஞர் எல்லிஸ் மங்க், மனிதத் தோலின் நிறங்களைப் பத்துப் படிகளாக வகுத்தார். 2022-இல் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. கருவி திருந்தத் தொடங்கிவிட்டது. மனிதர் திருந்த வேண்டாமா?

குப்பியில் அடைத்த ஆசை

நம் நாட்டில் சிவப்பழகு கிரீம் வியாபாரம் சின்ன வியாபாரம் அல்ல. 1975-இல் "ஃபேர் அண்டு லவ்லி" கடைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் கிடைக்காது, பூசிக்கொண்டால் கிடைக்கும் என்ற பாணியில் விளம்பரங்கள் வந்தன. சொல்லிச் சொல்லி அது மனத்தில் ஊறியது. கல்யாண விளம்பரத்தில் "சிவப்பான பெண் தேவை" என்று கூச்சமில்லாமல் எழுதினார்கள்.

எதிர்க்குரலும் எழுந்தது. அதுவும் சென்னையிலிருந்தே எழுந்தது! கவிதா இம்மானுவேல் தொடங்கிய "விமன் ஆஃப் வொர்த்" அமைப்பு, 2009-இல் கறுப்பே அழகு என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2013-இல் நடிகை நந்திதா தாஸ் அதற்குத் துணை நின்றார். நாடு முழுவதும் பேச்சானது.

2014-இல் விளம்பரத் துறையினரின் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு விதி வகுத்தது. கறுத்தவர்களை மட்டமாகவோ, வாழ்க்கையில் தோற்றவர்களாகவோ விளம்பரத்தில் காட்டக் கூடாது என்றது. 2020-இல் அந்தப் புகழ்பெற்ற கிரீமின் பெயரே "க்ளோ அண்டு லவ்லி" என்று மாறியது.

பெயர் மாறியது. ஆசை மாறியதா? அதுதான் சந்தேகம்.

இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. விலாசம் தெரியாத சில வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படியே நடந்தது. சிறுநீரக நோயோடு வந்தவர்களை டாக்டர்கள் விசாரித்தபோது, பலர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது!

தோலின் கறுப்புக்குக் காரணம் மெலனின் என்ற பொருள். வெயிலின் கெடுதலிலிருந்து உடம்பைக் காக்கும் குடை அது. இயற்கை கொடுத்த குடையைக் காசு கொடுத்துக் கிழிப்பதா?

தலைமைச் செயலாளரின் கேள்வி

"இதெல்லாம் படிக்காதவர்கள் செய்வது" என்று சிலர் நினைக்கலாம். அப்படி அல்ல.

2025 மார்ச் மாதத்தில் கேரள அரசின் தலைமைச் செயலாளராக இருந்தவர் சாரதா முரளீதரன். மாநில அதிகாரிகளில் அதற்கு மேல் பதவி கிடையாது. அவருக்கு முன் அதே நாற்காலியில் இருந்தவர் அவருடைய கணவர் வேணு. கணவரின் நிர்வாகம் வெள்ளை, உங்கள் நிர்வாகம் கறுப்பு என்று அவரிடம் ஒருவர் சொன்னாராம். அதை அவர் வெளிப்படையாக எழுதினார். நாலு வயதில், "என்னை மறுபடியும் வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத் தர முடியுமா?" என்று தன் தாயைக் கேட்டதையும் எழுதினார்.

நாலு வயதுக் குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஒருவர் அல்ல. சுவரில் தொங்கிய படமும், வந்துபோன உறவினரின் பேச்சும், விளம்பரமும் சேர்ந்து சொல்லிக் கொடுத்தன. அவருடைய பிள்ளைகளோ கறுப்பின் அழகைக் கண்டு மகிழ்ந்தார்களாம். அவர்களால்தான் தன் கண்ணும் திறந்தது என்று அவர் எழுதினார்.

பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பாடம் சொன்ன கதை இது!

ஏழு படம் போதுமா?

போதாது. கறுத்தவளுக்குச் சாமி வேடம் போட்டால்தான் மரியாதை என்றால் அதுவும் முழு மரியாதை ஆகாது. காய்கறி விற்கும் கறுத்த அம்மாவும், பாடம் நடத்தும் கறுத்த டீச்சரும் அவர்கள் இருக்கிறபடியே அழகு என்று தோன்ற வேண்டும்.

சினிமாவைப் பாருங்கள். கறுத்த கிராமத்துப் பெண் வேடம் என்றால், வெளுத்த நடிகைக்குக் கறுப்புச் சாயம் பூசுகிறார்கள். கறுப்பு கதைக்கு வேண்டும். கறுத்தவள் வேண்டாம்! சென்னைப் படங்களின் பெருமை இங்கேதான். சாயத்தைத் தேடாமல் ஆளைத் தேடினார்கள்.

அதே காரியத்தை ஒவ்வொரு குடும்பமும் செய்யலாம். செலவு இல்லை.

செல்போனில் "அழகாக்கும்" வசதியை அணைத்துவிடுங்கள். படம் எடுக்கும்போது திரையில் கறுத்த முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். காமிரா அந்த முகத்தைப் பார்த்து வெளிச்சத்தை அளக்கும். வெள்ளைச் சுவரை விட்டு, மரத்தடியிலோ கதவோரத்திலோ நிறுத்துங்கள். நேர் வெயில் வேண்டாம். பக்கவாட்டில் வரும் மெல்லிய வெளிச்சம் போதும். அந்த வெளிச்சத்தில் கறுத்த தோல் மினுங்குவதைப் பாருங்கள். கோவில் சிலையின் மினுமினுப்பு அது!

ஸ்டூடியோவில் எடுத்தால், "முகத்தை வெளுக்க வைக்காதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னால் செய்வார்கள். இத்தனை நாளும் கேட்டுக்கொண்டதால்தான் வெளுக்க வைத்தார்கள்.

"கறுப்பாக இருக்கிறாய், இந்த நிறச் சேலை உனக்கு ஆகாது" என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். மஞ்சளும் சிவப்பும் கறுத்த மேனியில் எடுப்பதுபோல் வேறு எங்கே எடுக்கும்?

கொல்லி மலையில் மிளகு விளைகிறது. கொடியில் பச்சையாகக் காய்க்கிறது. வெயிலில் காய்ந்து கறுத்த பிறகுதான் கறுமிளகாகச் சந்தைக்குப் போகிறது. கறுப்புக்கு விலை உண்டு. காரமும் மணமும் அதில் உண்டு.

அடுத்த முறை அந்த மலைக்குப் போகிற குடும்பம் ஒரே நிறத்தில் உடுத்தட்டும். சிரிக்கட்டும். படம் எடுக்கட்டும். மலையின் பச்சையை மாற்றாத காமிரா, மகளின் கறுப்பையும் மாற்றாமல் இருக்கட்டும்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுங்கள். நாலு வயதுக் குழந்தை அதைப் பார்த்து வளரட்டும்!